கூடு பாய்ந்த படத்துக்குப் பெண்கள் பக்கத்து ரிப்போர்ட்

"சிரிக்கச் சிரிக்க எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் எங்கள் தியேட்டர் ஊழியர் சங்கத்தார். சங்க மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். இப்போது ஏதோ ஒரு படம் வந்திருக்கிறது. கொலைகாரன் ஒருவனும் அப்பாவி ஒருவனும் உடம்பு மாறிக்கொள்கிறார்களாம். வெட்டும் குத்துமாக இருக்குமாம், ஆனால் விழுந்து விழுந்து சிரிக்கலாமாம். சங்கச் செயலாளர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, யாரோ ஒருவர் அந்தப் படத்துக்குப் பிளஸ் இது, மைனஸ் இது என்று அடுக்குவதைக் காட்டினார். "உங்க காலத்துலயும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சாமேக்கா, அதுக்கு நீங்க பிளஸ் மைனஸ் சொல்லுங்க" என்றார்.

வந்தது. சொல்கிறேன். சிரிப்பு வராவிட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

திருப்பரங்குன்றம் போகிற சாலையில் இருந்த ஒரு தியேட்டரில் நான் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுத்தேன். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தேன். அப்பா அங்கே கேட்டில் நின்றவர். அவர் போனதும் அந்த வேலையை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருடம் கற்றுக்கொண்டதெல்லாம் டிக்கெட்டைக் கோணாமல் கிழிப்பது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மடிப்பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் சண்டை போடுவது, சண்டை போட்டவளுக்கே நல்ல இடம் பார்த்து உட்கார வைப்பது. அவ்வளவுதான்.

அப்போது எங்களுக்கு ஆண் பக்கம், பெண் பக்கம் தனித்தனி. நடுவில் இடுப்புயரச் சுவர். பெண்களுக்குக் கவுண்டர் தனி, வாசல் தனி, அந்த வாசலுக்கு வெளியே பக்கவாட்டுச் சந்து தனி. புருசனும் பெண்டாட்டியும் ஒன்றாக வந்தாலும் ரோட்டில் பிரிந்து, படம் முடிந்து ரோட்டில்தான் சேரவேண்டும். என் கவுண்டர் ஒரு பொந்து. கை மட்டும் உள்ளே வரும். முகம் தெரியாது. அதனால் ஊர்ப் பெண்களை நான் கையை வைத்துத்தான் அறிவேன். மாவு ஒட்டின கை, பூக்கட்டி நார் அறுத்த கை, வெற்றிலைக் கொடிக்காலில் கறை ஏறின கை.

எங்கள் மேனேஜர் சொக்கலிங்கம் சார் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சட்டை வெள்ளை, வேட்டி வெள்ளை, பேச்சு குறைவு. பெண்கள் எல்லாரும் அவருக்குத் தாயிதான். கோபம் வந்தால் மட்டும் அம்மா என்பார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை புதுப்படத்தின் மேட்னிக்குத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "படத்தை எதுக்குத்தா பாக்கணும்? பாக்குறவனைப் பாரு, படம் தெரியும்" என்பார்.

படம் விட்டதும் அவர் அறைக்கு மூன்று பேர் போகவேண்டும். ஆபரேட்டர் மாரியப்பன் அண்ணன், ஆண்கள் கேட்டில் நிற்பவர், நான். ஆண்கள் பக்கம் பீடி குடிக்க எந்த ரீலில் எழுந்தார்கள், எங்கே விசிலடித்தார்கள் என்று முதலில் கேட்பார். பிறகு என்னிடம் திரும்புவார். "பொம்பளைக எங்க அழுதாக? எங்க பிள்ளைக்குப் பால் குடுத்தாக?" பால் கொடுக்கிற இடம் என்றால் அங்கே படம் தொய்கிறது என்று அர்த்தம். பிள்ளை வீறிட்டு அழுதும் தாய் குனியவில்லை என்றால் அந்த இடம் பலம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டு, "பிளஸ் இது, மைனஸ் இது" என்று ஒப்பிப்பார். மைனஸ் ரொம்ப நீளம் என்றால், "எடுத்துருங்க" என்று அங்கிருந்து பதில் வரும். மாரியண்ணன் கத்தரியைத் தேடுவார். எடுத்த துண்டைச் சுருட்டி, சீட்டு ஒட்டி, கேபினில் ஓர் ஆணியில் மாட்டி வைப்பார். படப்பெட்டி திரும்பிப் போகிற அன்று மறுபடி ஒட்டி முழுப்படமாக அனுப்பவேண்டும். அது விதி.

அந்தப் படம் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் ஓடின ஊரெல்லாம் சண்டைக்கு வரும். கதை இதுதான். ஓர் ஊரில் அருவாளோடு அலைகிறான் ஒருவன். ஒவ்வொருவராக வெட்டுகிறான். அதே ஊரில் எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுகிற ஒரு வாத்தியார். பெண்டாட்டி, ஒரு பிள்ளை. இடிந்த மண்டபத்தில் அவன் இவரை வெட்ட ஓங்கும்போது இடி விழுகிறது. இரண்டு உயிரும் கூடு விட்டுக் கூடு பாய்ந்துவிடுகிறது. கொலைகாரன் வாத்தியார் உடம்போடு வாத்தியார் வீட்டுக்குப் போகிறான். வாத்தியார் கொலைகாரன் உடம்போடு போலீசுக்குப் பயந்து ஓடுகிறார்.

பிளஸ் என்னவென்றால், அந்த வில்லன் நடிகர். மலைபோல உடம்பை வைத்துக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்து நடப்பார். நாய் குரைத்தால் மரத்துக்குப் பின்னால் போவார். விலங்கு மாட்டவந்த போலீஸ்காரரின் பேச்சில் பிழை திருத்துவார். எங்கள் ஆண்கள் பெஞ்சு ஒடிந்தே போனது. வாத்தியாராக வந்தவரும் லேசுப்பட்டவர் இல்லை. மேக்கப் மாற்றவில்லை, குரல் மாற்றவில்லை, கண்ணை மட்டும் மாற்றினார். அந்தக் கண் சோற்றைப் பார்க்கிற விதத்தில் எனக்குக் குளிர் எடுத்தது.

மைனஸ் என்னவென்றால், செத்தவர்களைப் பற்றி அந்தப் படத்துக்குக் கவலையே கிடையாது. தலை உருளும், டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், சனம் சிரிக்கும், அடுத்த சீன். செத்தவனுக்கு அழ ஓர் ஆள் கிடையாது. இடைவேளைக்குப் பிறகு ஒரு சாமியார் வந்து உயிர் எப்படிக் கூடு மாறியது என்று ஒரு ரீல் முழுக்க விளக்குவார். அப்போது பெண்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிறு நிறைந்துவிடும்.

எல்லாரும் அதிகமாகச் சிரித்தது ஆட்டுரல் சீனுக்கு. வாத்தியார் உடம்பில் இருக்கிற கொலைகாரன், பெண்டாட்டியை ஆட்டுரலைச் சுற்றிச் சுற்றி அருவாளோடு துரத்துவான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் உடனே அருவாளால் தேங்காய் உடைப்பான். அவர் போனதும் மறுபடி துரத்துவான். தியேட்டரே அதிர்ந்தது.

அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு சீன். அவனுக்குச் சோறு போட்டுவிட்டு அவள் நிற்கிறாள். வாத்தியார் என்றால் முதல் கவளத்தைப் பிள்ளைக்கு ஊட்டாமல் தின்னமாட்டார். இவன் பிள்ளை கிட்டே வந்து நின்றும் திரும்பிப் பார்க்காமல் தின்கிறான். அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கத்தவில்லை. "மோர் எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போகிறாள். பிள்ளையைத் தூக்குகிறாள். பின்கதவு வழியாக வெளியே வந்து, கதவை இழுத்து, வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வரப்பில் நடக்கிறாள். பாட்டு இல்லை, மேளம் இல்லை. தாழ்ப்பாள் சத்தம் மட்டும்தான். அந்தப் படத்திலேயே உருப்படியான சீன் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாம் வாரம், ஒருத்தி தினமும் மேட்னிக்கு வருவதைக் கவனித்தேன். பொந்துக்குள் வருகிற கையை எனக்குத் தெரிந்துபோனது. கொடிக்கால் கறை பழசாகிப்போன கை. மணிக்கட்டுக்கு மேலே வரிசையாகச் சூட்டுத் தழும்பு. "அடுப்புல பட்டுருச்சுக்கா" என்றாள் ஒருநாள், நான் கேட்காமலே. இடுப்பில் பெண் பிள்ளை. அந்தத் தாழ்ப்பாள் சீன் முடிந்த உடனே எழுந்து போய்விடுவாள். எனக்கு அது பொறுக்கவில்லை. டிக்கெட் கொடுத்து முடித்ததும் பெண்கள் கேட்டிலும் நான்தான் நிற்பேன்; நான் நிற்கும்போது பாதியில் எழுந்து போனால் எனக்கு அவமானம் மாதிரி இருக்கும்.

"ஏத்தா, படம் முடியல, எங்க போற?" என்று மறித்தேன்.

"எனக்கு வேணுங்கறது முடிஞ்சிருச்சுக்கா."

"அப்டி என்ன வேணும் உனக்கு?"

பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு சொன்னாள். "ஆட்டுரலைச் சுத்தி ஓடுறப்ப எல்லாரும் சிரிக்கிறாகள்ல. எங்க வீட்லயும் அப்டித்தான்க்கா ஓடுவேன். ஆரும் சிரிக்கிறதில்ல, அம்புட்டுத்தான்."

அவள் பெயர் பாக்கியம். பிறந்த ஊர் சோழவந்தான். புருசன் டவுனில் ஒரு நூல் கடையில் கணக்கர். கடையைச் சொன்னதும் ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பஸ்ஸில் கிழவிகளுக்கு இடம் கொடுப்பவர். பூனைக்குட்டியிடம் பேசுவதுபோல மனிதர்களிடம் பேசுகிறவர். நானே ஒருமுறை, "இப்படி ஒருத்தர் வாய்க்கணும்" என்று நினைத்தது உண்டு.

"யார்கிட்டச் சொன்னாலும், அவரா, தங்கமான மனுசனாச்சேங்கறாக" என்றாள். "எங்கம்மாகூட நம்பல. நாந்தான் கிறுக்குப் பிடிச்சுத் திரியிறேனோன்னு இருந்தேன். இந்தப் படத்தைப் பாத்த பெறகுதான் மூச்சு வந்துச்சு. ஒரே மூஞ்சிதான், உள்ள இருக்கது வேற ஆளுன்னு இதுல காட்றாகள்ல."

அப்புறம் தினமும் இரண்டு வார்த்தை பேசுவோம். அவள் அந்தச் சீனை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எந்தக் கையால் பிள்ளையைத் தூக்குகிறாள், எந்தக் கையால் கதவை இழுக்கிறாள், எல்லாம். "எங்க வீட்லயும் பின்கதவு இருக்குக்கா, வெளியில தாப்பாளும் இருக்கு" என்றாள். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் சோழவந்தான் பஸ் எங்கே நிற்கும் என்று சொன்னேன். வீட்டிலிருந்து போனால் தெரு பார்க்கும், தியேட்டரிலிருந்து அப்படியே போய்விடு என்றும் சொன்னேன். ஒரு பை மட்டும் எடுத்து வருவதாகச் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். கூட்டம் குறைந்திருந்தது. படம் நீளம் என்று விநியோகஸ்தர் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சாமியார் ரீலில் பாதி போகிறது. அதோடு தாழ்ப்பாள் சீனும் போகிறது.

"அது எதுக்கு சார்?" என்றேன்.

"ஆம்பளைப் பக்கம் மொத்தமா எந்திரிச்சுப் பீடி குடிக்கப் போறான் தாயி. சிரிப்புப் படத்துல சிரிப்பே இல்லாம நாலு நிமிசம்."

"பொம்பளைப் பக்கம் ஒருத்தியும் பால் குடுக்கல சார். ஒரு பிள்ளை கத்திக்கிட்டே கிடந்துச்சு, அவ ஆத்தா திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க சொன்ன கணக்குத்தானே?"

அவர் அநியாயக்காரர் இல்லை. "எண்ணிக்கையில ஆம்பளைதான் சாஸ்தி தாயி" என்றார். நான் இன்னும் சத்தம் போட்டேன். "சரசும்மா" என்றார், என் பெயரோடு அம்மாவைச் சேர்த்து. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். பாக்கியத்தின் கதையைச் சொல்ல எனக்கு வாயில்லை. அது அவள் நம்பிச் சொன்னது, புருசன் காதுக்குப் போய்விட்டால் அவள் கதி என்ன?

திங்கட்கிழமை பாக்கியம் பையோடு வந்தாள். அந்தச் சீனை எடுத்துவிட்டார்கள் என்று நான் உள்ளே போய்ச் சொல்வதற்குள் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. படம் ஓடியது. வாத்தியார் பெண்டாட்டி சோறு போட்டுவிட்டு நிற்கிறாள், அடுத்த நொடி போலீஸ் ஸ்டேஷன். ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் படத்திலிருந்து காணாமல் போயிருக்கிறார்கள். அரங்கில் அத்தனை ஆள் இருந்தும் அவர்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியம் எழுந்திருக்கவில்லை. அந்தச் சீன் பின்னால் வரும், பின்னால் வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் படத்தைக் கடைசிவரை பார்த்தாள். கடைசியில் மறுபடி இடி விழும். வாத்தியார் தன் கூட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். பெண்டாட்டி ஓடிவந்து கட்டிக்கொள்வாள். முதல் கவளம் பிள்ளைக்கு. வணக்கம்.

வாசலுக்கு வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

"அக்கா, கடைசில அவரு திரும்பி வந்துர்றாருல்ல?"

"அது படம்டி. பையைத் தூக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இல்லக்கா. கல்யாணமான புதுசுல அவரு நல்லாத்தான் இருந்தாரு. உள்ள இருக்கது போயிட்டா அவரு வந்துருவாரு. கொஞ்சம் பொறுத்துப் பாக்குறேன்."

திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். "கோவிச்சுக்காதீகக்கா, போயிட்டு வாரேன்" என்று வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

அந்தப் படத்துக்கு நான் சொல்கிற பெரிய மைனஸ் அதுதான். நல்லவன் உடம்புக்குள் ஒரு கெட்டவன் வெளியே இருந்து வந்து புகுந்தான் என்கிறது. பாக்கியம் வீட்டுக்கு யாரும் வெளியே இருந்து வரவில்லை. கல்யாணத்தன்று மாலை போட்டவனும் அவன்தான், சூடு வைத்தவனும் அவன்தான். திரும்பி வருவதற்கு வேறு ஆள் எங்கேயும் போய் உட்கார்ந்திருக்கவில்லை. இதை அந்தப் படம் எடுத்தவனிடம் கேட்டால், சிரிப்புப் படம்தானேம்மா என்பான்.

அந்த வாரமே பாக்கியம் வீட்டில் ஸ்டவ் வெடித்தது, அவள் செத்துப்போனாள் என்றார்கள். பிள்ளை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்ததாம், தப்பித்தது. முன்கதவை உடைத்து உள்ளே போனவர்கள், பின்கதவு வெளியே தாழிட்டிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். அந்த மனிதர் தெருவில் புரண்டு அழுதார். ஊரே கூட அழுதது. "இப்டி ஒரு மனுசனுக்கு இப்டி ஒரு சோதனையா" என்று என் காதுபடச் சொன்னார்கள்.

பாக்கியத்தின் அப்பா சோழவந்தானிலிருந்து வந்தார். அவரோடு நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார். "சினிமாவைப் பாத்துட்டுப் பேசுனதையெல்லாம் நான் எழுதிக்கிட்டு இருக்கவா?" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியவர் ஊருக்குப் போனார். அவ்வளவுதான் கேஸ்.

அடுத்த வியாழக்கிழமை படப்பெட்டி திரும்பவேண்டும். கேபினுக்குப் போனேன். மாரியண்ணன் ஆணியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு கை, ஒரு தாழ்ப்பாள். "விடுத்தா, ஒட்டணும்" என்று மெதுவாக வாங்கிக்கொண்டார். படம் முழுசாகத்தான் திரும்பிப் போனது.

மேனேஜரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன், எல்லாவற்றையும். மறுநாள் புதுப்படம். வழக்கம்போலத் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் நின்றார். வழக்கத்துக்கு விரோதமாகப் பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

வருடம் ஒன்று போயிருக்கும். மேட்னி. என்ன படம் என்பதுகூட மறந்துவிட்டது. பொந்துக்குள் ஒரு கை வந்தது. மருதாணி இன்னும் முழுசாகப் போகாத புதுப்பெண் கை. மணிக்கட்டுக்கு மேலே, அதே இடத்தில், ஒரு சூடு. இன்னும் ஆறவில்லை.

அவளுக்குப் பின்னால் ரோட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஓரமா நல்ல எடமாப் பாத்து உக்காரும்மா. நான் அந்தப் பக்கம் இருக்கேன், முடிஞ்சதும் இங்கனயே நில்லு." பூனைக்குட்டியிடம் பேசுகிற குரல்.

டிக்கெட்டைக் கொடுத்தேன். எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக, வரிசை நிற்கும்போதே கவுண்டர்ப் பலகையைச் சாத்திவிட்டு உள்ளே ஓடினேன். அவள் இருட்டில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிவந்தேன்.

"எந்த ஊரு தாயி?"

"திருவாதவூருங்க."

"உனக்கு முன்னாடி அந்த வீட்ல இருந்தவ பேரு பாக்கியம். தெரியுமா?"

"ஸ்டவ் வெடிச்சு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

நான் சுருக்கமாகச் சொன்னேன். தழும்பைச் சொன்னேன், பின்கதவைச் சொன்னேன். நம்பமாட்டாள், கத்துவாள், புருசனைக் கூப்பிடுவாள் என்று பயந்தேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "பஸ்ஸு எங்கக்கா நிக்கும்?"

சந்து வழியாகக் கூட்டிப்போய் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். திரும்பி வரும்போது பெண்கள் வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கவுண்டர்ப் பக்கம் கையைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் அந்த மனிதர் பெண்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு முறுக்குப் பொட்டலம்.

"எங்க வீட்ல உள்ள இருக்காக. இதைக் குடுத்துட்டு வந்துர்றேன் சார்."

"பொம்பளைக பக்கம் ஆம்பளை வரக்கூடாது சார்" என்றார் மேனேஜர்.

"ஒரு நிமிசந்தான்."

"படம் முடியட்டும். தானா வருவாக."

"கூப்பிட்டாவது விடுங்களேன்."

"பாக்குற பொம்பளைய நடுவுல எழுப்புற பழக்கம் இங்க இல்ல" என்று கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, படம் முடியும்வரை அந்தக் கேட்டிலேயே சாய்ந்து நின்றார்.

படம் விட்டு எல்லாப் பெண்களும் போன பிறகு அவருடைய அறைக்கு என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, புதுப்படமும் இல்லை. மேசை விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, பொம்பளைக பக்கம் என்ன ரிப்போர்ட்டு?"

"ஒருத்தி பாதியில எந்திரிச்சுப் போயிட்டா சார்."

"பிளஸ்ஸா, மைனஸா?"

"பிளஸ் சார்."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம், கையில் முறுக்குப் பொட்டலத்தோடு, அந்த மனிதர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.